வாயாடியை நிறுத்துவது எப்படி

கண்ணாடிக் கடைக்காரர் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் பதிலாக இவர் பேசிவிடுவார். டாக்டர் அவளைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால், இடது பக்கம் என்று இவர் சொல்வார். அவளுக்கு வலித்தது வலது பக்கம். ஜவுளிக் கடைக்காரனும் இவரைப் பார்த்துத்தான் "அவங்களுக்கு என்ன கலர் எடுக்கறது சார்?" என்பான். அழுக்குத் தெரியாது என்று இவரும் வருஷா வருஷம் காப்பிக் கலரையே எடுத்துக் கொடுப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்காரி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, உனக்குக் காப்பிக் கலர்னா உயிரா?" என்று கேட்ட பிறகுதான், இத்தனை காலம் தான் என்ன உடுத்திக்கொண்டு திரிந்தோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கிளிப்பச்சையில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. முதலில் கரும்பலகை போனது, பிறகு புத்தகம், கடைசியாக முகங்கள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கையின் கண்ணும் வாயும் தானே என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். கண்ணாடிச் சில்லு காலில் குத்திவிடும் என்று கடைப் பக்கம்கூட அவளை விட்டதில்லை. இப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

அந்தப் பாப்பா தானாகவே ஒரு பயிற்சி நிலையத்தைத் தேடிப் பிடித்து, போன் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் வசதியைக் கற்றுக்கொண்டு வந்தாள். விரல் வைத்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதை போன் சொல்லும். மற்றவர்களுக்குத் தகர டப்பாவில் அரிசி கொட்டுகிற மாதிரி கேட்கும். அவ்வளவு வேகத்தில் வைத்திருந்தாள். அதற்கு வாயாடி என்று பேர் வைத்தவளும் அவள்தான். "அந்த வாயாடியைக் கொஞ்சம் நிறுத்து பாப்பா, காது புண்ணாகுது" என்று அண்ணன் கத்துவார். அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அதை வைத்தே வேலையும் வாங்கினாள். போன் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் உதவி மையத்தில். ஏழு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். அங்கே என்னதான் செய்கிறாள் என்று அண்ணன் ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? கேட்டதில்லை. கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தால், "ஏதோ பாவம் பாத்து உக்கார வச்சிருக்காங்க" என்று இவரே ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார்.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். நிறுவனம் வேறொரு ஊரில் புதிதாக ஓர் உதவி மையம் திறக்கிறது. பொறுப்பு இவளுக்கு. இவளுக்குக் கீழே ஆறு பேர். எதிர்த்த கட்டடத்தின் மாடியிலேயே சமையலறையோடு ஓர் அறை.

"நான் போறேன்ணா."

"பாக்கலாம்" என்றார் அண்ணன்.

அந்த வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவள் நினைத்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. ஆனால் அவள், "உன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என்னை பஸ் ஏத்துனா நான் போகமாட்டேன். நீ வாயாரச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டாள். அலுவலகத்துக்குப் பதில் சொல்லவேண்டிய நாளும் வந்துவிட்டது.

அன்று காலையில் அண்ணி கேட்டாள். "சாயங்காலம் அவ பதில் சொல்லியாகணும். என்ன முடிவு பண்ணிருக்கீங்க?"

"அடுப்புப் பத்த வைக்கணும், படி ஏறணும், ரோட்டைக் கடக்கணும். தனியா எப்படிச் சமாளிப்பா?"

"நம்ம வீட்டுல ரெண்டு வேளை சமைக்கறது யாருன்னு நினைச்சீங்க?"

பதில் இல்லாதபோது கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவது அவர் வழக்கம். கிளம்பிவிட்டார்.

ஆனால் நாள் பூராவும் அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், தானே ஒரு சோதனை செய்து பார்த்துவிடுவது என்று முடிவுக்கு வந்தார். கண்ணாடி வெட்டுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. புது ரகம் வந்தால் முதலில் ஓரத்துத் துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய பலகையில் கை வைப்பார்கள். இந்தத் தடவை ஓரத்துத் துண்டு அவரேதான். போனில் செட்டிங்ஸுக்குள் போய், அணுகல்தன்மை என்ற பக்கத்தைத் தேடி, திரை வாசிப்பானை ஆன் செய்தார். பிறகு வேலை மேஜைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இறுகக் கண்ணை மூடிக்கொண்டு, பெண்டாட்டிக்கு ஒரு போன் போடப் பார்த்தார்.

வாயாடி பேச ஆரம்பித்தது. தொட்டால் பேசியது, தடவினால் பேசியது, கையை எடுத்த பிறகும் மிச்சத்தைப் பேசி முடித்தது. "இயக்க இருமுறை தட்டவும்" என்றது. இவர் கல்லை உடைப்பதுபோல் ஒரு குத்து, சாவகாசமாக இன்னொரு குத்து என்று விட்டார். கடைசியில் யாருக்கோ மணி அடித்தது. "சொல்லுங்கண்ணே, எத்தனை டியூப்?" என்றது ஒரு குரல். சிலிக்கான் பசை சப்ளை செய்கிறவன். அழைப்பைத் துண்டிக்கத் தெரியாமல், வேண்டாத பசைக்கு ஒரு பெட்டி ஆர்டர் கொடுத்துவிட்டுத் தப்பித்தார்.

சரி, விளையாடியது போதும் என்று கண்ணைத் திறந்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அந்த போனுக்கு ஒரு கவலையும் இல்லை. பழையபடி தொட்டால் எதுவும் திறக்கவில்லை, தள்ளினால் எதுவும் நகரவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நிலைக்கண்ணாடிக்கு அளவு சொல்ல வந்த ஓர் அம்மாள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா அண்ணி அனுப்பிய செய்தியின்மேல் இவர் விரல் பட வேண்டும்? "வரும்போது பேன் சீப்பு வாங்கிட்டு வாங்க. உங்க தலையிலயும் இருக்கு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி போன் படித்தது. அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார் கடைக்காரர். கண் உள்ளவனுக்கே இந்தக் கதி என்றால் பாப்பா எப்படித் தனியாக ஓர் ஊரில் குப்பை கொட்டுவாள்? முடியவே முடியாது. சாயங்காலம் வாயாரச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் இந்த போனை அடக்க வேண்டும். பேசுகிற போனோடு வீட்டுக்குள் நுழைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மதியச் சாப்பாட்டோடு அண்ணி வந்தாள். போனை வாங்கி நாலு தடவை தட்டிப் பார்த்தாள். அது நாலு தடவையும் அவளுக்கு நேரத்தைச் சொன்னது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நம்ம பாப்பாவையே கேட்டுடலாமே" என்றாள்.

"அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது."

"அப்ப உதவி மையத்துக்குத்தான் பண்ணணும்" என்று அண்ணி தன் போனில் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவரிடம் நீட்டினாள். அழைப்பு பதிவு செய்யப்படும் என்று ஒரு பெண் குரல் எச்சரித்த பிறகு ஓர் இளைஞன் வந்தான். கடைக்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அங்க என் தங்கச்சி வேலை பாக்கறா. அவ காதுக்கு மட்டும் இது போயிடக்கூடாது."

"போகாது சார். பேசுற போன் கேஸ் எல்லாம் நாங்க தொடறதே இல்ல, எங்க மேடம்தான் பாப்பாங்க. எந்த ஊர்ல இருந்து வந்தாலும் அவங்களுக்குத்தான். கொஞ்சம் கறாரா இருப்பாங்க, ஆனா கையோட முடிச்சுக் குடுத்துடுவாங்க. லைன்ல இருங்க."

கொஞ்ச நேரம் சங்கீதம் ஓடியது. பிறகு ஒரு குரல் வந்தது.

"வணக்கம், பேசுற போன் பிரிவு. என்ன உதவி வேணும் சார்?"

பாப்பாவின் குரல்தான். ஆனால் வீட்டில் கேட்கிற குரல் இல்லை. வீட்டில் அவள் எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டாள், பாதியில் இவர் முடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் குரல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இவர் தொண்டையைச் செருமி, எங்கிருந்தோ ஒரு கட்டைக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"வணக்கம்மா. நான் ஒரு ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன்."

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். கூடப் பிறந்தவரின் செருமலைத் தெரியாதவள் யார்?

"அப்படிங்களா சார்" என்றாள் அவள், குரலில் சுருக்கமே விழாமல். "போன்ல வால்யூம் பட்டன் ரெண்டையும் சேத்து அழுத்திப் பிடிங்க."

"கீழ் பட்டன் வேலை செய்யாதும்மா. சிலிக்கான் ஒட்டிக்கிச்சு."

"ஹார்டுவேர் கடையில சிலிக்கான் எப்படி சார் ஒட்டும்?"

"விக்கறோம்ல."

"சரிங்க சார். அப்ப செட்டிங்ஸ் வழியா சுத்திப் போவோம். கையில கிளவுஸ் இருந்தா முதல்ல கழட்டிடுங்க."

அவர் வலது கையில் ரப்பர் கையுறை இருந்தது. கடைக்குள் எங்காவது நின்று பார்க்கிறாளோ என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கழற்றினார்.

"ஒரு விரலை வச்சு மெதுவா நகத்துங்க. அது படிச்சுக்கிட்டே வரும். வேண்டியது வந்ததும் விரலை எடுத்துட்டு ரெண்டு தட்டு. குத்தக்கூடாது சார், டக்டக்னு தட்டணும். பக்கத்தை மேல தள்ளணும்னா ரெண்டு விரல்."

நகர்த்தினார். கேமரா என்றது, கடிகாரம் என்றது, செட்டிங்ஸ் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் விரல் தாண்டிப் போய்விட்டது. திரும்பி வந்தால் வேறெங்கோ நின்றது. கழுத்தில் வியர்வை இறங்கியது. நிலைக்கண்ணாடி அம்மாள் அளவை மறந்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரம் இல்ல சார், நிதானமாப் பண்ணுங்க. இது எப்படி ஆன் ஆச்சுன்னு நீங்க சொல்லலையே?"

"தானா ஆயிடுச்சு."

"தானா ஆகாது சார்."

கட்டைக் குரல் அதற்குமேல் தாக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஹார்டுவேர் கடைக்காரர் என்ற வேஷத்தையும் விட மனதில்லை. அந்த வேஷம் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்காம்மா. கண்ணு தெரியாது. தனியா ஒரு ஊருக்குப் போறேன்னு நிக்கறா. எப்படிச் சமாளிப்பான்னு நானே கண்ணை மூடிட்டு இதைப் போட்டுப் பாத்தேன். ஒரு போன் பண்ண முடியல. ஈரக்குலை நடுங்கிடுச்சு. இந்த இருட்டுல அவளை எப்படிம்மா தனியா விடறது?"

அண்ணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரம் சார் பாத்தீங்க?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இருக்கா சார்" என்றாள் மேடம். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "முதல்ல அவளுக்கும் ஒண்ணுமே ஓடல. வாரக்கணக்கா ஒரு நம்பர் போட முடியாது. குளிக்கற ரூமுக்குள்ள போயி, குழாயத் திறந்து விட்டுட்டு அழுவா."

"குழாய எதுக்கு?"

"சத்தம் வெளிய கேட்டா அவ அண்ணன் ஓடி வந்துடுவாரு சார். போனை வாங்கி அவரே நம்பர் போட்டுக் குடுத்துடுவாரு. பாசமானவரு. ஆனா அவர் போட்டுக் குடுத்துட்டா அப்புறம் அவ எப்பக் கத்துக்கறது?"

கடைக்காரருக்கு அந்த நாட்கள் நன்றாக ஞாபகம் இருந்தன. இவ்வளவு நேரமா குளிப்பே, டேங்க் காலியாகுது பாப்பா என்று கதவைத் தட்டியவர் அவர்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள், அதுவும் தனக்குத் தெரியாமல் என்பது இன்றுதான் அவருக்கு உறைத்தது. நெஞ்சு வலித்தது. வலியோடு வலியாக, அடேங்கப்பா என்றும் இருந்தது.

"பத்து நிமிஷத்துல வராதது வரவே வராதுன்னு ஆயிடுமா சார்? நீங்க கண்ணாடி வெட்ட எத்தனை நாள்ல கத்துக்கிட்டீங்க?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. ஹார்டுவேர் கடைக்காரரிடம் யாரும் கண்ணாடி வெட்டுவதைப் பற்றிக் கேட்பதில்லை.

"மன்னிக்கணும் சார்" என்றாள். "ஹார்டுவேர்."

"பரவால்லம்மா" என்றார் அவர். "நீ சொல்லு. நான் பண்றேன்."

இந்தத் தடவை யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார். போனோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினார். வைரமுனை கண்ணாடிமேல் ஓடும்போது கீறல் சரியாக விழுகிறதா என்பதைக் கண்ணைவிடக் காதுதான் அவருக்கு முதலில் சொல்லும். அந்தக் காதை இங்கே திருப்பினார். செட்டிங்ஸ் என்றதும் நிறுத்தி, டக்டக். இரண்டு விரலால் தள்ளினார். அணுகல்தன்மை, டக்டக். திரை வாசிப்பான், டக்டக். "நிறுத்த வேண்டுமா?" என்று போன் கேட்டது. உற்சாகத்தில் கை முந்திக்கொண்டது. "ரத்து செய்யப்பட்டது" என்றது.

"போச்சு" என்றார்.

"எல்லாருக்கும் அங்கதான் சார் வழுக்கும். சரிங்கறது வலது பக்க மூலையில இருக்கு. அதைக் காதால கேட்ட பிறகு தட்டுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைச் சொல்கிறாளோ. பேய் புகுந்துவிட்டது என்று அலறுகிறவன், போனைச் சுவரில் அடிக்கப் போகிறவன், திட்டுகிறவன் என்று எல்லாரிடமும் இதே நிதானத்தோடுதான் சொல்லியிருப்பாள். தான் விழித்திருக்கிற நேரமெல்லாம் துணைக்கு வைத்திருக்கும் குரலை அடுத்தவருக்கு எப்படி நிறுத்துவது என்று ஏழு வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். அதில் ஒருவருக்காவது அவளுக்குப் பார்வை இல்லை என்பது தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டே இதையெல்லாம் நினைத்தபோது அவருக்கு மார்பு விம்மியது. பாவம் பார்த்து யாரும் அவளை உட்கார வைக்கவில்லை. அவள் எழுந்து போனால் அந்த நாற்காலியில் உட்கார ஆள் தேட வேண்டும்.

"சரி" என்றது போன். விரலை எடுத்தார். டக்டக்.

கடை அமைதியானது. தெருவில் போகும் வண்டிச் சத்தம் கேட்டது.

"நின்னுடுச்சும்மா."

"சந்தோஷம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

எத்தனையோ பேரிடம் அவளுக்காக எத்தனையோ பதில் சொன்னவருக்கு, அவளே கேட்டபோது ஒரே ஒரு பதில்தான் வந்தது. "ஒண்ணும் வேணாம்மா. நல்லா இரு" என்று மட்டும் சொன்னார்.

"எங்க பிரிவைப் பத்தி ஏதாவது சொல்லணும்னா லைன்லயே இருங்க சார். நன்றி" என்று அவள் போய்விட்டாள்.

அண்ணி போனை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "யாருங்க அந்தப் பொண்ணு, இவ்வளவு பொறுமையா?" என்று நிலைக்கண்ணாடி அம்மாள் கேட்டார். இருங்க என்று அவருக்கும் கையைக் காட்டினார். உங்கள் கருத்து சம்பந்தப்பட்டவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் அனுப்பப்படும், ஒலி கேட்டதும் பேசவும் என்று பதிவுக் குரல் சொன்னது. ஒலி கேட்டது.

"நான் கண்ணாடிக் கடைக்காரன் பேசறேன். ஹார்டுவேர் இல்ல. இப்பப் பேசுன மேடம் என் தங்கச்சி. பாவம் பாத்து வேலை குடுத்திருக்காங்கன்னு ஊர் பூராவும் சொல்லிக்கிட்டிருந்த முட்டாள் நான்தான். இன்னிக்குத்தான் அவ வேலையக் காதால கேட்டேன். எங்க குடும்பத்துல இந்த மாதிரி ஒரு ஆள் பொறந்ததில்ல. சாயங்காலம் அவ உங்களுக்கு ஒரு பதில் சொல்லணும், எனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கா. அவ போறா. சந்தோஷமா அனுப்பி வைக்கறேன்."

நிறுத்தினார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் போனை மறுபடி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இல்லீங்க, கடைசில சொன்னதை மட்டும் அழிச்சிடுங்க. எனக்குச் சந்தோஷம், அது வரைக்கும் இருக்கட்டும். போறாளா இல்லையான்னு நான் சொல்லக்கூடாது. அவகிட்டயே கேளுங்க."